வேலி மேயும் தீவு

தோர்ஷவ்ன் மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில்
ஒரு புட்டியைத் திறக்குமுன்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
பியூட்டிரிக் அமிலம்.
நாள்பட்ட வெண்ணெய், குழந்தை கக்கிய பால்,
நனைந்து காயாத காலுறை,
மூன்றும் ஒரே துளிக்குள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்கிறேன்.
ஆனாலும் தலைமுடியில் ஏறிக்கொண்டு
என்னோடு பேருந்துக்கு வந்துவிடும்.
பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை.
பழகிவிட்டது.

கம்பளிக் கோட்டுப் பெண்மணியே,
மூக்கைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்,
உங்களுக்குள்ளும் இதுதான் இருக்கிறது.
பெருங்குடலின் இருட்டில்,
நமக்குச் செரிக்கத் தெரியாமல் விட்ட நாரைக்
கோடி வாய்கள் புளிக்கவைத்து
அங்கே சுவரில் குடியிருக்கும் செல்களுக்கு
அன்றாடம் படியளக்கின்றன.
வயிறார உண்ட சுவர் எளிதில் விரிசல் விடாது.
மிஞ்சிய துளி
காவல் செல்லின் உட்கருவரை நடந்து
மூடப்போகும் ஓர் ஏட்டின் நடுவே
விரலை வைத்துப் பிடித்துக்கொள்கிறது.
அந்த ஏட்டில் இருப்பது ஒரே கட்டளை:
பொறு. இது நம் வீடு.

என் அண்ணன் ஹெர்கெய்ருக்கு
அந்த ஏடு மூடிவிட்டது என்று நினைக்கிறேன்.
நினைக்கத்தான் முடியும்.

இழுவைக் கப்பலில் சமையல்காரன்.
பேரன்ட்ஸ் கடலில் ஓர் இரவு
பதினேழு முறை எழுந்து போனான்.
பதினெட்டாம் முறை இரத்தம்.
கரை சேர்ந்ததும் சொன்னான்:
"உள்ளே யாரோ தூண்டிலை மாட்டி
நிதானமாகச் சுற்றுகிறார்கள்."
யாருமில்லை.
வெளியாள் ஒருவனும் வரவில்லை.
வேலியே பயிரை மேய்கிறது.

இந்தத் தீவுகளில் இது அதிகம்.
ஏன் என்று கேட்டுக்கொண்டு
கோபன்ஹேகனிலிருந்து வருகிறார்கள்.
எங்கள் இரத்தம், எங்கள் மலம்,
நாங்கள் காற்றில் தொங்கவிட்ட இறைச்சியில் ஒரு துண்டு,
எல்லாம் எடுத்துப்போகிறார்கள்.
கேள்வியை மட்டும் விட்டுப்போகிறார்கள்.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
நாற்பத்தொன்று அவன் என்று
எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஆனால் மூடியை நம்பாமல்
டப்பாவைச் சுற்றி வலைநூலால்
கப்பல்காரன் முடிச்சு போட்டிருந்தான்.
அவிழ்க்க எனக்கு அரைமணி ஆனது.
இயந்திரம் கோடு இழுத்தது.
மற்றவர்களுக்கு மலை எழும் இடத்தில்
அவனுக்கு,
அலை வடிந்த மணலில் ஒரு சுருக்கம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
வாற்கோதுமைக் கஞ்சி, ஆறவைத்த உருளைக்கிழங்கு.
கூடவே ஸ்டீராய்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.
முதல் வாரம் கஞ்சியே அவனைக் கிழித்தது.
தட்டைச் சுவரில் எறிந்தான்.
வழிந்ததைத் துடைத்தேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்,
பிறகு இன்னொரு தட்டு கேட்டான்.
பிப்ரவரியில் கோடு கொஞ்சம் எழுந்தது.
மார்ச்சில் இரத்தம் நின்றது.
மே மாதம் மறுபடி வந்தது.
கோடோ எழுந்த இடத்திலேயே நின்றது.
படிவத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

அக்டோபர். சான்ட்விக்கில் ஆடறுக்கும் நாள்.
இடுப்புப்பட்டையில் புதிதாகக் குத்திய துளையோடு
ஹெர்கெய்ர் கத்தியைப் பிடித்திருந்தான்.
முதல் இரைப்பையைக் கீறியதும்
ஆவியோடு எழுந்தது என் புட்டி.
என் தலைமுடி. என் பேருந்து.
பாதி நொதித்த புல், வெதுவெதுப்பாக,
ஓர் ஊருக்கே படியளக்கும் அளவு.

முழங்கைவரை கையை விட்டு
ஒரு பிடி அள்ளி முகர்ந்தான்.
"வெறும் புல்லைத் தின்றுவிட்டு
எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாள், பார்" என்றான்.
பொறாமைதான் அது, கேலி இல்லை.
கல்வேலிக்கு அந்தப் பக்கம்
மற்ற ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன.

இரவுப் படகில் திரும்பினோம்.
கைகளை எத்தனை முறை கழுவியும் போகவில்லை.
படகில் இருக்கைகள் நிறையக் காலி.
அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.